ஷோத்கங்கா: தலைப்பு தேடும் தகவல் அறிவியல் ஆய்வாளருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

நூலகத் தகவல் அறிவியலில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவரிடம் நெறியாளர் முதல் வாரமே சொல்லிவிடுவார்: “ஷோத்கங்காவைப் பார்த்துட்டு வாங்க.” இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் இணையக் களஞ்சியம் அது. பார்த்துவிட்டு வருகிறவர் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதிலோடு வருவார். “இந்தத் தலைப்புல யாருமே செய்யல சார்” என்பது ஒன்று. “எல்லாத்தையும் செஞ்சு முடிச்சுட்டாங்க சார்” என்பது மற்றொன்று. இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் பதில், ஒரே ஒரு சொல்லைப் போட்டுத் தேடியதன் விளைவு. இரண்டாவது, தலைப்புகளை மட்டும் படித்துவிட்டு ஆய்வேட்டைத் திறக்காமலே எழுந்து வந்ததன் விளைவு.

மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்திய ஆய்வேடுகளைக் கட்டணமில்லாமல் திறந்து படிக்க ஷோத்கங்காவுக்கு ஈடாக வேறொன்று இல்லை. ஆனால் ‘இத்தலைப்பில் முன்பு ஆய்வு நடக்கவில்லை’ என்று சினாப்சிஸில் (ஆய்வுத் திட்டச் சுருக்கத்தில்) எழுதுவதற்கு அதன் தேடல் பெட்டியை மட்டும் சாட்சியாக வைத்தால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

சேவையை நடத்துவது காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம். பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் இயங்குவது. ஆய்வேட்டின் மின்வடிவைத் தர வேண்டும் என்பதை 2009ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிமுறை கட்டாயமாக்கியது. 2022 விதிமுறையும், மதிப்பீடு முடிந்து பட்டத்தை அறிவிக்கும் முன்பே மின்படி இன்ஃப்ளிப்நெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிறது. இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அங்கே இருக்கின்றன. பின்னால் ஓடுவது டிஸ்பேஸ் என்ற கட்டற்ற மென்பொருள். ஆய்வாளர் தானாக எதையும் ஏற்ற முடியாது. ஒப்பந்தம் போட்ட பல்கலைக்கழகம் தன் ஒருங்கிணைப்பாளர் வழியாக, பெரும்பாலும் நூலகர் வழியாக, ஏற்றுகிறது. ஆகவே ஒரு பதிவின் தரம் காந்திநகரில் முடிவாவதில்லை. அந்தந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்புகிறவரின் கவனத்தில்தான் முடிவாகிறது. கீழே வரும் குறைகளில் பாதிக்கு மேல் இங்கிருந்து கிளம்புபவைதான்.

ஒரு பதிவைத் திறந்து நிதானமாகப் பார்ப்போம். மேலே தலைப்பு, ஆய்வாளர், நெறியாளர், சாவிச்சொற்கள், பல்கலைக்கழகம், முடித்த தேதி, சுருக்கம், பக்க எண்ணிக்கை. பக்கத்தின் நிலையான முகவரியில் 10603 என்ற எண் வரும். அது ஷோத்கங்காவின் ஹேண்டில் முன்னொட்டு. மேற்கோள் காட்டும்போது உலாவியின் முகவரிப் பட்டையில் நீளமாகத் தெரிவதை ஒட்டாமல், இந்த ஹேண்டில் முகவரியைத்தான் எடுக்க வேண்டும். கீழே கோப்புகளின் பட்டியல். அண்மைக் காலப் பதிவுகளில் 01 தலைப்புப் பக்கம், 02 முன்பக்கங்கள், 03 பொருளடக்கம், 04 சுருக்கம், 05இலிருந்து இயல்கள், பிறகு இணைப்புகள், கடைசியில் 80 என்ற எண்ணோடு ‘ரெகமண்டேஷன்’ என்ற கோப்பு. பழைய பதிவுகளில் சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை எல்லாம் தனித்தனியாக இருப்பதால் முதல் இயலே 09ஆம் எண்ணில்கூட வரும்.

இந்த 80ஆம் கோப்பைத் தவறவிடாதீர்கள். இது தனி இயல் அல்ல. தலைப்புப் பக்கத்தையும் முடிவுரை இயலையும் ஒன்றாகச் சேர்த்து வைத்த கோப்பு. கண்டறிந்தவை, பரிந்துரைகள், ‘மேலாய்வுக்குரிய களங்கள்’ எல்லாம் இதில் கிடைத்துவிடும். தலைப்பு தேடும் கட்டத்தில் நாற்பது ஆய்வேடுகளின் 80ஆம் கோப்பை மட்டும் இறக்கி ஒரு வாரத்தில் படித்துவிடலாம். எக்செல்லில் ஐந்து நெடுவரிசை போதும்: ஹேண்டில் எண், ஆண்டு, ஆய்வுக்குரிய மொத்தக் குழுவும் அதிலிருந்து எடுத்த மாதிரியும், முறை, ஆய்வாளரே விட்டுச்சென்ற கேள்வி. நாற்பது வரி நிரம்பியதும் ஐந்தாவது நெடுவரிசையை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள். ஒரே கேள்வி பல ஆய்வேடுகளில் ‘மேலாய்வுக்கு’ என்று தள்ளிவிடப்பட்டிருந்தால், அது நெறியாளரிடம் கொண்டுபோய்ப் பேசத் தகுந்த கேள்வி.

முழு ஆய்வேட்டையும் படிக்க வேண்டியபோது பொறுமை வேண்டும். ஒரே கோப்பாக இறக்கும் வசதி இல்லாமல் இயல் இயலாகத்தான் இறக்க வேண்டியிருக்கிறது. எட்டு இயல் உள்ள ஆய்வேட்டுக்குப் பதினைந்து சொடுக்குகள் ஆகலாம். ‘வாசகரின் நேரத்தைச் சேமி’ என்பது நூலக அறிவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் தந்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது. சீர்காழியில் பிறந்தவர் வகுத்த அந்த விதியைப் பாடமாகப் படிக்கும் துறைக்காரர்களுக்கு இந்த இடம் உறுத்தத்தான் செய்யும். இறக்கியவுடன் கோப்புகளுக்குப் பெயர் மாற்றிவிடுங்கள். ‘05 சாப்டர் 1’ என்ற பெயரில் இருபது கோப்புகள் ஒரே ஃபோல்டரில் விழுந்தால் எது யாருடையது என்று கண்டுபிடிக்க மறுபடியும் எல்லாவற்றையும் திறக்க வேண்டிவரும். ஹேண்டிலின் கடைசி எண்ணைப் பெயரின் முன்னால் போடுவது எளிய வழி.

இனி தேடல். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் ஆய்வாளர்கள் ஏமாறுகிறார்கள். ஷோத்கங்காவில் துறைக்குப் பொதுவான கட்டுப்பாட்டுச் சொற்பட்டியல், அதாவது ஒரு பொருளுக்கு இந்தச் சொல்தான் என்று வரையறுத்த பட்டியல், கிடையாது. ஆய்வாளர் கொடுத்த சொல்லோ, ஏற்றியவருக்குத் தோன்றிய சொல்லோ அப்படியே சாவிச்சொல்லாக உட்கார்ந்திருக்கும். ஒருவர் ‘எலக்ட்ரானிக் ரிசோர்சஸ்’ என்று போட்டிருப்பார், இன்னொருவர் ‘இ-ரிசோர்சஸ்’, மற்றவர்கள் ‘டிஜிட்டல் ரிசோர்சஸ்’, ‘ஆன்லைன் ரிசோர்சஸ்’, ‘எலக்ட்ரானிக் இன்ஃபர்மேஷன் ரிசோர்சஸ்’. ஐந்தும் ஒரே பொருள். ஒன்றை மட்டும் தேடினால் மற்ற நான்கும் கண்ணில் படாது. வெளியீடுகளையும் தகவலையும் எண்ணி அளக்கும் ஆய்வுகளுக்கு வழங்கும் சயின்டோமெட்ரிக்ஸ், பிப்ளியோமெட்ரிக்ஸ், இன்ஃபார்மெட்ரிக்ஸ் என்ற மூன்றும் அப்படியே; தலைப்பில் ஒன்றும் உள்ளே இன்னொன்றுமாக மாறி மாறி வரும்.

ஆகவே தேடும் முன் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். ஒரு நெடுவரிசையில் பொருள், அடுத்ததில் யாரைப் பற்றியது, மூன்றாவதில் இடம். ஒரு பொருளைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்க்கும் ரங்கநாதனின் முகப்புப் பகுப்பாய்வு கற்றவர்களுக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு கட்டத்திலும் ஒத்த சொற்களை எழுதி, அவற்றை ‘ஆர்’ என்ற ஆங்கில இணைப்புச் சொல்லால் கோத்து அடைப்புக்குள் வையுங்கள்; கட்டங்களை ‘அண்ட்’ கொண்டு இணையுங்கள். இரண்டையும் பெரிய எழுத்தில் தட்டச்சிட வேண்டும். சொல்லின் ஈற்றில் நட்சத்திரக்குறி போட்டால் ஒருமை பன்மை இரண்டும் சேர்ந்து வரும். ஆனால் மேற்கோள்குறிக்குள் இருக்கும் தொடரில் நட்சத்திரக்குறி வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். கோட்டுக்குறி உள்ள சொல்லைக் கோட்டோடும், இடைவெளியோடும், சேர்த்து எழுதியும் மூன்று முறை தேடுங்கள். ஒவ்வொரு தேடலின் தொடரையும், தேதியையும், கிடைத்த எண்ணிக்கையையும் குறித்து வையுங்கள். இலக்கிய மீளாய்வு இயலில் ‘எப்படித் தேடினீர்கள்’ என்று புறத்தேர்வாளர் கேட்டால் அந்தப் பக்கத்தை அப்படியே காட்டலாம்.

அடுத்து, தேடாமல் மேய்வது. பல்கலைக்கழகம், அதற்குள் துறை என்று போகும் பட்டியல்தான் ஷோத்கங்காவில் மிகவும் நம்பகமான வழி. சென்னை, அண்ணாமலை, அழகப்பா, பாரதிதாசன், மதுரை காமராசர், பெரியார் என்று தமிழ்நாட்டில் இத்துறையில் ஆய்வு நடக்கும் பல்கலைக்கழகங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, துறையின் முழுப் பட்டியலையும் தலைப்பு வரிசையில் பார்த்துவிடுங்கள். இங்கும் ஒரு கண்ணி உண்டு. துறையின் பெயர் ஓரிடத்தில் நூலகத் தகவல் அறிவியல் என்றிருக்கும், ஓரிடத்தில் நூலக அறிவியல், வேறோரிடத்தில் தகவல் அறிவியல். ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இரண்டு பெயரில் இரண்டு தொகுப்புகள் இருக்கலாம். கல்லூரி நூலகத்தை ஆய்வு மையமாகக் கொண்டு செய்த ஆய்வேடு அந்தக் கல்லூரியின் பெயரிலோ பொதுவான தலைப்பிலோ போய் ஒளிந்திருக்கும். பட்டியலை முழுதாக இறக்கிப் பார்க்காமல் ‘அங்கே இருபதுதான் இருக்கிறது’ என்று முடிவு கட்டாதீர்கள்.

நெறியாளர் பெயரைக் கொண்டு மேய்வதும் நல்ல வழிதான். ஒரே நெறியாளரிடம் செய்த ஆய்வுகள் ஒரு தொடராக அமைவது வழக்கம். ஆனால் நம் பெயர்களின் முதலெழுத்து இங்கே பெரும் தொல்லை. கே. முருகன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முருகன் கே., கே முருகன், முருகன் காற்புள்ளி கே, டாக்டர் கே. முருகன் என நான்கு வரிகளாக அவர் பிரிந்து கிடப்பார். பெயர்க் கட்டுப்பாட்டுக் கோப்பு என்ற ஒன்று எதற்கு வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. நான்கையும் திறந்து பாருங்கள்.

தேதியிலும் கவனம் தேவை. ஆய்வு முடிந்த தேதி, பட்டம் வழங்கிய தேதி, ஏற்றிய தேதி மூன்றும் வேறு. தொண்ணூறுகளில் முடிந்த ஆய்வேட்டைப் பின்னாளில் ஸ்கேன் செய்து ஏற்றியிருப்பார்கள்; ஏற்றிய தேதிப்படி வரிசைப்படுத்தினால் அது புதிய ஆய்வு போல முன்னால் வந்து நிற்கும். மீளாய்வு இயலில் ஆண்டை எழுதும் முன் 01ஆம் கோப்பைத் திறந்து தலைப்புப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் மாதமும் ஆண்டும் என்ன என்று பாருங்கள். ஜோட்டெரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளில் சேமிக்கிறவர்கள் இன்னும் இரண்டு இடங்களைச் சரிபார்க்க வேண்டும்: வகை ‘ஆய்வேடு’ என்று இருக்கிறதா, நெறியாளர் பெயர் ஆசிரியர் வரிசையில் புகுந்துவிட்டதா.

பழைய ஆய்வேடுகள் பலவும் வெறும் படங்கள். எழுத்தடுக்கு (கணினி படிக்கக்கூடிய எழுத்து) இல்லாத பிடிஎஃப்பில் சொல்லைத் தேடவும் முடியாது, தேடுபொறிகளுக்கும் அது தெரியாது. டெசராக்ட் என்ற கட்டற்ற எழுத்துணரி மென்பொருளில் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து ஓட்டினால் அச்சு தெளிவாக உள்ள பக்கங்கள் ஓரளவு தேறும். அட்டவணைகள் சிதையும், அவற்றைக் கையால்தான் எடுக்க வேண்டும். தமிழில் எழுதிய ஆய்வேடுகளில் இன்னொரு சிக்கல். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பிடிஎஃப் திரையில் அழகான தமிழாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக விழும். அதைத் தமிழில் தேடிக் கண்டுபிடிக்க வழியில்லை. சுவடியியல், தமிழ் நூலடைவு, நூலக வரலாறு போன்ற எல்லைப் பொருளில் இறங்குகிறவர்கள் தமிழ்த்துறைத் தொகுப்புகளையும் மேய வேண்டும். அங்கே தலைப்பு தமிழ் எழுத்திலும் இருக்கலாம், ரோமன் எழுத்துப்பெயர்ப்பிலும் இருக்கலாம், ஆங்கில மொழிபெயர்ப்பாகவும் இருக்கலாம்.

ஷோத்கங்காவின் சொந்தப் பெட்டியோடு கூகுளையும் சேர்த்துப் பயன்படுத்துவது நல்லது. ‘சைட்’ என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் ஷோத்கங்கா முகவரி, பிறகு தேடும் தொடர் என்று கொடுத்தால், எழுத்தடுக்கு உள்ள இயல்களின் உள்ளேயிருந்தும் சில வரும். இரண்டு வழியிலும் வந்தவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் வந்த ஆய்வேடுகள் நிறைய இருந்தால் உங்கள் தேடல் தொடர் இன்னும் முதிரவில்லை என்று பொருள்.

கிடைத்ததைப் படிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? இத்துறை ஆய்வேடுகளில் இரண்டு வகை திரும்பத் திரும்ப வரும். ஒன்று பயனர் ஆய்வு: குறிப்பிட்ட மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் மின்வளங்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது போன்றவை. இவற்றில் நேராக இணைப்புகள் கோப்புக்குப் போய் வினாநிரலை எடுங்கள். ஷோத்கங்கா தரும் மிகப் பெரிய செல்வம் அதுதான், ஆய்விதழ்க் கட்டுரைகளில் முழு வினாநிரல் கிடைப்பது அரிது. பிறகு மாதிரி அளவு. கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970இல் தந்த அட்டவணைப்படி 1,000 பேருக்கு 278, 10,000 பேருக்கு 370 என்று எழுதியிருப்பார்கள். அந்த எண் வாய்ப்புமுறையில் தேர்ந்தெடுத்த மாதிரிக்கே பொருந்தும். கூகுள் படிவத்தை வாட்சப் குழுவில் அனுப்பி, வந்தவரை வரட்டும் என்று சேர்த்த 370 பதில்கள் வேறு சரக்கு. எப்படிச் சேர்த்தார்கள் என்ற பத்தி இல்லாத ஆய்வேட்டின் கை-வர்க்க (புள்ளியியல் சோதனை) முடிவுகளை உங்கள் மீளாய்வில் ஆதாரமாக வைக்காதீர்கள்.

மற்றொன்று சயின்டோமெட்ரிக் ஆய்வு. வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ் ஆகிய ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளங்களில் ஒன்றிலிருந்து ஒரு பொருளின் கட்டுரைகளை இறக்கி, ஆண்டுவாரி வளர்ச்சி, இரட்டிப்புக் காலம், கூட்டாசிரியர் விகிதம், லோட்கா விதி (ஆசிரியர்களின் எழுத்து அளவு), பிராட்ஃபோர்டு விதி (கட்டுரைகள் இதழ்களில் பரவும் விதம்) என்று அதே வரிசையில் போகும். இங்கே பார்க்க வேண்டியது தேடல் தொடர். டெங்கு பற்றிய ஆய்வு என்றால், எந்தச் சொற்கள், எந்தப் புலம், எந்த நாளில் இறக்கியது என்ற மூன்றும் இருக்க வேண்டும். வெப் ஆஃப் சயின்ஸில் ‘டாபிக்’ என்ற புலம் தலைப்பு, சுருக்கம், ஆசிரியர் தந்த சாவிச்சொற்களோடு ‘கீவேர்ட்ஸ் பிளஸ்’ என்று தானாகச் சேர்க்கப்படும் சொற்களிலும் தேடும். ஒரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் உள்ளவற்றின் தலைப்புகளிலிருந்து வரும் அந்தச் சொற்களால் தொடர்பில்லாத கட்டுரைகளும் உள்ளே வந்துவிடும். இதைச் சொல்லாமல் 0.693ஐ வளர்ச்சி வீதத்தால் வகுத்து இரட்டிப்புக் காலம் சொன்னால், கணக்கு சரியாக இருந்தும் எண்ணியது என்ன என்பது தெரியாது. முன்னவர்கள் விட்ட இந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அடைப்பதே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வியாகலாம். நோயின் பெயரை மட்டும் மாற்றி அதே அட்டவணைகளை மறுபடி போடுவதற்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகளைச் செலவிடுவது பெரும் வீண். இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உடன்பிறப்புச் சேவைகளில் ஷோத்கங்கோத்ரி சினாப்சிஸ்களுக்கானது. இன்னும் முடியாத ஆய்வுகள் அங்கே தெரியும் என்பதால் தலைப்பை இறுதி செய்யும் முன் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே சீராக ஏற்றுவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். ஷோத்சுத்தி 2019இல் தொடங்கியது. கருத்துத்திருட்டுச் சோதனை மென்பொருளைப் பல்கலைக்கழகங்களுக்குத் தருவது. முதலில் உர்குண்ட் இருந்தது, பின்னர் டிரில்பிட் வந்தது. மானியக் குழுவின் 2018 கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறைப்படி ஒற்றுமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு தடை, 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. மேற்கோள் பட்டியல், நன்றியுரை, தொடர்ச்சியாக 14 சொற்கள் வரையிலான தற்செயல் ஒற்றுமை ஆகியவை கணக்கில் வராது. முதல் வரைவைச் சோதிக்கும்போதே மென்பொருளின் களஞ்சியத்தில் சேமித்துவிட்டால், இறுதிப் பிரதி உங்கள் வரைவோடே பொருந்திச் சிவந்துபோகும். சோதனை செய்து தரும் நூலகரிடம் முன்கூட்டியே இதைச் சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டு ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா பயன்படாது, அதற்கு என்.டி.எல்.டி.டி., ஓ.ஏ.டி.டி. போன்ற திறந்த தேடிகளை நாட வேண்டும். பிரிட்டிஷ் நூலகத்தின் ஈத்தோஸ் என்ற ஆய்வேட்டுச் சேவை 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலோடு முடங்கியது. நெடுங்காலம் அதையே நம்பியிருந்தவர்கள் திண்டாடினார்கள். ஆகவே மேற்கோள் காட்டப்போகும் ஆய்வேட்டை எங்கிருந்து எடுத்தாலும் ஒரு படியை உங்கள் வட்டில் வைத்திருங்கள்.

உங்கள் ஆய்வேடும் ஒருநாள் அங்கே போகும். ஒப்புதல் படிவத்தோடு குறுந்தகட்டையோ பென் டிரைவையோ நூலகத்தில் கொடுத்துவிட்டு வருவதோடு நிறுத்தாமல், சாவிச்சொற்கள் ஆறேழை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒத்த சொற்களையும் சேருங்கள். உங்கள் பெயரும் நெறியாளர் பெயரும் எந்த வடிவில் வர வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள். ஆய்வேட்டை அச்சிட்டு ஸ்கேன் செய்யாமல், வேர்டிலிருந்து நேரடியாகப் பிடிஎஃப்பாக மாற்றுங்கள். பிறகு ஏதாவது ஒரு இயலில் ஒரு தமிழ் வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். எழுத்து எழுத்தாக வந்தால் கொடுக்கலாம். கட்டம் கட்டமாகவோ குழம்பிய எழுத்தாகவோ வந்தால், எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள்.